இறைச்சியைக் குறையுங்கள் என்றவுடன் எழும் கோபம் யார் மீது?

ரூர்க்கரை (ஜெர்மனி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புவி வெப்பமாவதைத் தணிக்க இறைச்சி உண்பதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அமைச்சரோ அறிவியலாளர் குழுவோ சொன்னவுடன் எழும் கொந்தளிப்பைப் பற்றி இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன். நான் வாழும் ஜெர்மனியில் இது இருமுறை பெரிய அளவில் நடந்தது. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2013 நாடாளுமன்றத் தேர்தலுக்காகப் பசுமைக் கட்சி வெளியிட்ட நீண்ட அறிக்கையில், பொது நிறுவனங்களின் உணவகங்களில் வாரத்துக்கு ஒரு நாள் மரக்கறி உணவு வழக்கமாக வேண்டும் என்று ஒரு சிறு பகுதி இருந்தது. ஆகஸ்ட் 5 அன்று பில்ட் நாளிதழ், பசுமைக் கட்சியினர் நமக்கு இறைச்சியைத் தடைசெய்யப் பார்க்கிறார்கள் என்ற பொருளில் தலைப்பிட்டது. அறிக்கையில் தடை என்ற பேச்சே இல்லை. ஆயினும் அடுத்த ஏழு வாரங்களும் அக்கட்சியின் வேட்பாளர்கள் எரிசக்தியைப் பற்றிப் பேச வாய்திறந்தால் தொத்திறைச்சியைப் பற்றியே கேள்வி வந்தது. 2009 இல் 10.7% வாக்குகள் பெற்றிருந்த கட்சி செப்டம்பர் 22 அன்று 8.4% பெற்றது. வரி உயர்வுத் திட்டம் உட்பட வேறு காரணங்களும் அந்தச் சரிவுக்கு உண்டு என்றாலும், கட்சிக்காரர்களின் நினைவில் காயமாக நின்றது அந்த மரக்கறி நாள்தான்.

இரண்டாவது நிகழ்வு 2021 ஆகஸ்ட் மாதத்தில் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் நடந்தது. வோக்ஸ்வாகன் நிறுவனம் தன் தலைமை அலுவலகக் கட்டடம் ஒன்றின் உணவகத்தில் இறைச்சி உணவுகளை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அந்த நிறுவனம் 1973 முதல் தன் சொந்த இறைச்சிக்கூடத்தில் தொத்திறைச்சி தயாரிக்கிறது. கார் உதிரிப்பாகங்களுக்கு இருப்பதைப் போலவே அந்தத் தொத்திறைச்சிக்கும் 199 398 500 ஏ என்று ஒரு பாக எண் உண்டு. முன்னாள் பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் உடனே பொதுவெளியில் எழுதி, கறித்தூள் தூவிய தொத்திறைச்சியும் உருளைக்கிழங்குப் பொரியலும் உற்பத்திக்கூடத் தொழிலாளியின் ஆற்றலுக்கு ஆதாரம் என்று வாதிட்டார். வளாகத்தின் மற்ற உணவகங்களில் அந்தத் தொத்திறைச்சி தொடர்ந்து கிடைத்தது என்பதைக் கேட்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. 2023 இல் நிறுவனம் அதே உணவகத்திற்குத் தொத்திறைச்சியைத் திரும்பக் கொண்டுவந்தது.

இவ்வளவு கோபப்பட்ட இதே நாட்டில், ஆண்டுக்கு ஆள் ஒருவருக்கு ஏறத்தாழ 60 கிலோவாக இருந்த இறைச்சி நுகர்வு 2022 இல் 52 கிலோவாகக் குறைந்தது. எவரும் தடைசெய்யவில்லை, மக்களே குறைத்துக்கொண்டார்கள். ஆகவே, அறிவியலின் மீது மக்களுக்குப் பகை இருக்கிறது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. தங்களைக் கேளாமல் யாரோ தங்கள் தட்டில் கைவைக்கிறார்கள் என்ற எண்ணமே அவர்களை எழவைக்கிறது என்று கருதுகிறேன். சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார், செலவு யார் தலையில் விழுகிறது என்ற மூன்றும் தெளிவாகாதவரை எந்தப் புள்ளிவிவரமும் எடுபடாது. உங்கள் ஊர்களில் கண்டதை எழுதுங்கள்.

கேள்வியன் எழுதியது:

அண்ணா, நான் நேராகவே கேட்கிறேன். தனி விமானத்தில் மாநாட்டுக்கு வந்திறங்கும் செல்வந்தர்களும் நிலக்கரியிலும் எண்ணெயிலும் பணம் குவிக்கும் நிறுவனங்களும் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ ஆட்டுக்கறி வாங்கும் குடும்பத்திடம் ஏன் வருகிறீர்கள்? மக்களின் கோபத்தை நோய்போல ஆராய்வதற்கு முன் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அளவுகோல் எழுதியது:

கேள்வியன் கேட்டது நியாயமான கேள்வி என்பதால் எண்களைக் கொண்டே விடை சொல்ல முயல்கிறேன்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013 இல் வெளியிட்ட கணக்கின்படி, மனிதரால் உண்டாகும் பசுமை இல்ல வாயுக்களில் 14.5% கால்நடைத் துறையிலிருந்து வருகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாட்டினத்தைச் சேர்ந்தது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் மீத்தேன் இதற்கு முதன்மையான காரணம். தீவனத்துக்காகவும் மேய்ச்சலுக்காகவும் அழிக்கப்படும் காடும் ஒரு காரணம். மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்குகிறது, ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இன்று அதைக் குறைத்தால் நம் வாழ்நாளிலேயே பலன் தெரியும். அறிவியலாளர்கள் உணவைப் பற்றிப் பேச வந்ததற்கு இதுவே வலுவான காரணம். நிலக்கரியை விட்டுவிட்டு இங்கே வரவில்லை. நிலக்கரி எரிப்பதை நிறுத்தினாலும் இது தனியாக நின்றுகொண்டிருக்கும் என்பதால் வந்திருக்கிறார்கள்.

ஆனால் இறைச்சி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதுதான் பெரிய குழப்பம். 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018 இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வின்படி, 100 கிராம் புரதம் தருவதற்கு இறைச்சிக்கென வளர்க்கப்படும் மாட்டிலிருந்து சராசரியாக 50 கிலோ, ஆட்டிலிருந்து 20 கிலோ, கோழியிலிருந்து 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, முட்டையிலிருந்து 4 கிலோவுக்குச் சற்று அதிகம் என்ற அளவில் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு உண்டாகிறது. பருப்பு வகைகளுக்கு அது 1 கிலோவுக்கும் குறைவு. மாட்டிறைச்சிக்கும் கோழிக்கும் இடையிலேயே ஏறத்தாழ ஒன்பது மடங்கு வேறுபாடு இருக்கும்போது, எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்திக் குறையுங்கள் என்றால் கேட்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

2019 ஜனவரியில் பன்னாட்டு அறிவியலாளர் குழுவான ஈட்-லான்செட் ஆணையம் வெளியிட்ட உணவுப் பரிந்துரைக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். நாளொன்றுக்குச் சிவப்பிறைச்சி 14 கிராம், கோழி 29 கிராம், மீன் 28 கிராம் என்று அது ஓர் உலகப் பொது அளவைத் தந்தது. வட அமெரிக்கர்கள் அந்தச் சிவப்பிறைச்சி அளவைப் போல ஆறரை மடங்கு உண்கிறார்கள் என்றும், தெற்காசியர்கள் அதில் பாதியே உண்கிறார்கள் என்றும் அவர்கள் தெளிவாகவே சொன்னார்கள். செய்தியாக வெளியே வந்தபோதோ உலகம் முழுவதற்கும் ஒரே கட்டளை என்பதாக அது சுருங்கிவிட்டது. இறைச்சிக்கு ஆதரவான முழக்கம் சமூக ஊடகங்களில் ஒருங்கிணைந்து பரவியது. ஜெனீவாவில் மார்ச் மாதம் நடக்கவிருந்த அறிமுகக் கூட்டத்துக்கான ஆதரவை, இத்தாலியத் தூதரின் எதிர்ப்புக் கடிதத்தை அடுத்து, உலக சுகாதார நிறுவனம் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அந்த உணவுமுறையை விலைகொடுத்து வாங்க உலகில் குறைந்தது 158 கோடிப் பேரால் இயலாது என்று காட்டியது. அந்தச் செலவில் மிகப் பெரிய பங்கு காய்களுக்கும் பழங்களுக்கும் ஆனது என்பது பலருக்குத் தெரியாது.

அடுப்படி (பிரான்ஸ்) எழுதியது:

நான் பாரிஸ் நகரத்துக்கு வெளியே ஒரு பாடசாலை உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். லியோன் நகரத்துக் கதையை என் துறைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்.

2021 பெப்ரவரியில், கொரோனா இடைவெளி விதிகளால் பிள்ளைகளை விரைவாகப் பரிமாறி அனுப்ப வேண்டியிருந்ததால், எல்லாப் பிள்ளைகளும் உண்ணக்கூடிய ஒரே உணவாக இறைச்சியில்லாத உணவை வழங்க லியோன் மேயர் கிரெகோரி தூசே முடிவெடுத்தார். மீனும் முட்டையும் அதில் இருந்தன. அவருக்கு முன்னர் பதவியிலிருந்த ஜெரார் கொலோம் 2020 இல் இதே காரணத்துக்காக இதையே செய்தபோது நாட்டில் எவரும் கவனிக்கவில்லை. தூசே பசுமைக் கட்சிக்காரர் என்பதால், உள்துறை அமைச்சர் ஜெரால்ட் தர்மனேன் இது பிரெஞ்சு விவசாயிகளுக்கும் இறைச்சிக் கடைக்காரர்களுக்கும் இழைக்கப்பட்ட அவமதிப்பு என்று எழுதினார். பல பிள்ளைகளுக்குப் பாடசாலையில்தான் இறைச்சியே கிடைக்கிறது என்றும் சொன்னார். விவசாயிகள் உழவு இயந்திரங்களையும் பசுக்களையும் ஓட்டிக்கொண்டு நகரமண்டபத்துக்கு வந்தார்கள். அதே அரசின் சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா போம்பிலி தன் சக அமைச்சர்களுக்கு எதிராகப் பேசினார்.

ஒரே உணவை இருவர் பரிமாறினார்கள், ஒருவர் காலத்தில் அமைதி, மற்றவர் காலத்தில் போர். ரூர்க்கரை அண்ணா சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

இத்தனைக்கும் 2018 இன் சட்டப்படி, 2019 நவம்பர் முதல் பிரான்சின் எல்லாப் பாடசாலை உணவகங்களிலும் வாரம் ஒருமுறை மரக்கறி உணவு கொடுத்தாக வேண்டும். முதலில் சோதனையாகத் தொடங்கியது, 2021 இல் நிரந்தரமானது. குசினிக்குள் அது எப்படி வந்து இறங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எங்களுக்கு வந்தவை, உறைநிலையில் பெட்டி பெட்டியாக வரும் சோயாத் தட்டைகள். சூடாக்கி வைப்பதோடு வேலை முடிந்துவிடும். பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே குப்பைவாளியில் கொட்டினார்கள். அந்த நாட்களில் குப்பைப்பையைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. பெற்றோர் சிலர், இறைச்சியைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று முறையிட்டார்கள். அவர்கள் சொன்னதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைகள் பசியோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு எங்கள் தலைமைச் சமையலாளர் என்னிடம், உங்கள் வீட்டில் பருப்பு எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார். மைசூர்ப் பருப்பை வேகவைத்து, வெங்காயத்தையும் தக்காளியையும் நன்றாக வதக்கிச் சேர்த்து, சீரகம் தாளித்து, மிளகாயை விட்டுவிட்டு, தேங்காயின் முதற்பால் ஊற்றி இறக்கிக் கொடுத்தேன். பெயர்ப்பலகையில் மரக்கறி நாள் என்று எழுதாமல் தேங்காய்ப்பால் பருப்பு என்று மட்டும் எழுதினோம். இரண்டாவது முறை கேட்டுவந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க மிச்சமிருக்கவில்லை. அமைச்சர்கள் பேசுகிறார்கள், அறிவியலாளர்கள் பேசுகிறார்கள்; நூறு பேருக்கு ருசியாகப் பருப்புச் சமைக்கக் குசினிக்காரருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எவரும் பேசுவதில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

செவல்காடு (சிவகங்கை) எழுதியது:

எங்கள் பகுதியில் செம்மறி மேய்ப்பவர்களோடு பிறந்து வளர்ந்தவன் நான். அளவுகோல் ஐயா ஆட்டுக்கு 20 கிலோ என்று எழுதியதைப் படித்தபோது, எந்த ஆட்டுக்கு என்று கேட்கத் தோன்றியது.

அறுவடை முடிந்த பின் எங்கள் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள், மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சை, திருவாரூர் பக்கம் போவார்கள். பகலில் அறுத்த தாளிலும் வரப்பிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரு வயலில் கிடை போடுவார்கள். ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் நிலத்தில் விழும்; அதற்காக நிலக்காரர் கீதாரிக்குக் காசோ நெல்லோ கொடுப்பார். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு நகரும். இந்த ஆட்டுக்கு வெளிநாட்டுச் சோயாவும் இல்லை, அழித்த காடும் இல்லை. உர மூட்டை வாங்கும் செலவில் ஒரு பகுதியை இது மிச்சப்படுத்துகிறது. மழை பொய்த்த ஆண்டில் இரண்டு கிடாயை விற்றுத்தான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். இந்தக் குடும்பத்தையும் அமேசான் காட்டை எரித்து மாடு வளர்ப்பவரையும் ஒரே பட்டியலில் வைத்தால், அறிவியல் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் எங்கள் காதில் அது அநியாயமாகத்தான் விழும்.

அளவுகோல் எழுதியது:

செவல்காடு ஐயா, நீங்கள் சொன்ன வேறுபாடு மெய்யானது. நான் தந்தது உலகச் சராசரி. அதே ஆய்வு, ஒரே பொருளை விளைவிக்கும் பண்ணைகளுக்கு இடையில் மிகப் பெரிய ஏற்றத்தாழ்வு இருப்பதையும் காட்டுகிறது. தாளில் மேயும் ஆடும் மீத்தேனை வெளியிடத்தான் செய்கிறது, அதை மறைக்க இயலாது. ஆனால் காடழிப்பும் தீவனப் பயிரும் உரச்சாலையும் அந்த ஆட்டின் கணக்கில் வருவதில்லை. அமெரிக்காவில் ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கிறது. இந்தியாவில் அது பத்து கிலோவுக்கும் கீழ். குறையுங்கள் என்ற வேண்டுகோள் முதலில் போய்ச் சேரவேண்டிய வீடு எது என்பதில் ஐயமே இல்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது சிலருக்குக் கசக்கலாம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகளும் எருமைகளும் சேர்ந்து 30 கோடிக்கும் மேல். உலகிலேயே மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு நம்முடையது. நம் நாட்டின் கால்நடை மீத்தேனில் பெரும்பகுதி பாலுக்காக வளர்க்கப்படும் விலங்குகளிலிருந்து வருகிறது. நெய்யும் பன்னீரும் உண்கிற சைவ வீடு, கோழியும் முட்டையும் உண்கிற வீட்டைப் பார்த்துச் சுற்றுச்சூழல் அறிவுரை சொல்வதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ராயபுரத்தாள் (சென்னை) எழுதியது:

கடைசியாக அளவுகோல் எழுதியதை யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

இந்த வேண்டுகோள் ஜெர்மனியில் ஒரு கட்சியின் குரலாகக் கேட்கிறது, பிரான்சில் மேட்டுக்குடியின் குரலாகக் கேட்கிறது. இங்கே அது சாதியின் குரலாகக் கேட்கிறது. வாடகைக்கு வீடு தேடிப் போனால், சைவம் மட்டும் என்று வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மீன் குழம்பு வாசனைக்காக அலுவலகத்தில் டப்பாவைத் திறக்கக் கூசிய அனுபவம் என் தோழிகள் பலருக்கு உண்டு. 2015 இல் ஜைனர்களின் பர்யூஷண் நோன்பை முன்னிட்டு மும்பை மாநகராட்சி இறைச்சி விற்பனையை நிறுத்திவைக்க முற்பட்டதும், பம்பாய் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். இந்தச் சூழலில் வளர்ந்த ஒருவரிடம் போய், பூமிக்காகக் கறியை விடுங்கள் என்றால், பழைய இழிவுக்குப் புதிய காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், காலநிலை மாற்றத்தை முழுமையாக நம்புகிற நிலையிலும்.

மாநிலத்தில் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சத்துணவில் 2010 முதல் வாரம் ஐந்து நாளும் முட்டை கொடுக்கிறோம். கர்நாடகத்தில் 2021 இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கத் தொடங்கியபோது சில மடங்கள் எதிர்த்தன. மாணவிகளே எழுந்து நின்று எங்களுக்கு முட்டை வேண்டும் என்று பேசினார்கள். குறைப்பது பற்றிய பேச்சை இந்தப் பிள்ளைகளின் தட்டிலிருந்து தொடங்கக் கூடாது.

இதே மண்ணில் வேறொரு மரபும் இருக்கிறது. வள்ளலார் கொல்லாமையைச் சொன்னார். அதைச் சொன்னவர் 1867 இல் வடலூரில் தருமச்சாலை திறந்து, வந்த எவரையும் சாதி கேளாமல் உண்ணவைத்தார். அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவரைப் பின்பற்றாதவர்களில் பலரும் அவரை மதிக்கிறார்கள். பசியைத் தீர்க்க எதுவும் செய்யாமல், உண்பதைக் குறைக்க மட்டும் சொல்ல வருபவர்களுக்கு அந்த மதிப்புக் கிடைக்காது.

கேள்வியன் எழுதியது:

அக்கா எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் நம் ஊரில் புரட்டாசி மாதம் முழுக்கக் கறிக்கடைகளில் வியாபாரம் படுத்துவிடுகிறது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஒருவரும் தெருவில் இறங்கவில்லை. அப்படியானால் அரசும் விஞ்ஞானிகளும் கேட்கும்போது மட்டும் ஏன் முடியவில்லை?

ரூர்க்கரை எழுதியது:

கேள்வியன், புரட்டாசியில் எவரும் உங்களைக் குற்றவாளி என்று சொல்வதில்லை, தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெரியும், அக்கம்பக்கத்து வீடெல்லாம் சேர்ந்து செய்கிறது. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத வீடுகளும் அப்படியே. அரசின் வேண்டுகோளில் இம்மூன்றும் இல்லை.

ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் நுகர்வோர் துறை அமைச்சர் அல்பெர்தோ கர்சோன் ஒரு காணொளியில் தோன்றி, உடல்நலத்துக்காகவும் புவிக்காகவும் இறைச்சியைக் குறைப்போம் என்று மிகவும் பணிவாகவே பேசினார். குடும்பத்தோடு ஞாயிறு விருந்தில் உண்பதை நிறுத்தச் சொல்லவில்லை என்றும் விளக்கினார். அதே அமைச்சரவையின் வேளாண்மை அமைச்சர் அவரை மறுத்தார். லிதுவேனியாவுக்குச் சென்றிருந்த பிரதமர் பெத்ரோ சான்செஸிடம் செய்தியாளர்கள் கேட்டபோது, பதமாகச் சுட்ட பெரிய மாட்டுத்துண்டை எதுவும் வெல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். ஓர் அரசு தன் மக்களிடம் ஒரு பெரிய மாற்றத்தைக் கேட்கிறது. அந்த அரசின் தலைவரே அதைக் கேட்கத் தயாராக இல்லை. மக்கள் ஏன் கேட்க வேண்டும்? கர்சோன் அடுத்த சில மாதங்களில் பேச்சை மாபெரும் தொழிற்பண்ணைகளின் பக்கம் திருப்பி, அவை நீரையும் நிலத்தையும் சீரழிக்கின்றன என்று சொன்னபோது, அவர் சொன்னது சரியான இலக்கு என்றே நான் நினைக்கிறேன். அதற்குள் காஸ்தில்யா-லியோன் வட்டாரத் தேர்தல் நெருங்கிவிட, அவருடைய கட்சியின் கூட்டாளிகளே அவரைத் தனியாக விட்டார்கள்.

அமெரிக்காவில் இன்னும் ஒருபடி மேல். 2021 ஏப்ரலில், அதிபர் பைடன் மக்களின் மாட்டிறைச்சியை ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோவாகக் குறைக்கப் போகிறார் என்ற செய்தி நாடெங்கும் ஓடியது. அப்படி ஒரு திட்டமே கிடையாது. பல்கலைக்கழக ஆய்வொன்றின் அனுமானக் கணக்கை அவருடைய காலநிலை இலக்கோடு ஒட்டவைத்திருந்தார்கள். அதைப் பரப்பிய ஒரு தொலைக்காட்சி பின்னர் திருத்தம் சொன்னது, அதற்குள் கோபம் வேலையை முடித்திருந்தது. கோபத்தை விதைத்து அறுவடை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

வடகடல் (டென்மார்க்) எழுதியது:

வேறு வழியும் உண்டு என்பதற்காக எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் முதலில் நடந்ததைப் பாருங்கள். 2019 இல், கால்நடைக் கழிவிலிருந்து பெருமளவில் வரும் நைட்ரஜன் மாசு குறித்து அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கால்நடை எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பேசினார். அக்டோபரில் உழவு இயந்திரங்கள் ஹேக் நகரை நிறைத்தன. 2022 ஜூனில் அரசு வெளியிட்ட வரைபடத்தில் சில பகுதிகளுக்கு நைட்ரஜன் உமிழ்வில் 95% வரை குறைப்பு என்று போட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தின் கதி என்ன என்பதை ஒரு வரைபடத்தின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை ஒரு விவசாயிக்கு வந்தது. 2023 மார்ச்சில் நடந்த மாகாணத் தேர்தலில், தொடங்கி நான்கு ஆண்டுகள்கூட ஆகாத உழவர் கட்சி எல்லா மாகாணங்களிலும் முதலிடம் பிடித்தது.

டென்மார்க்கில் மனிதரைவிடப் பன்றிகள் அதிகம். பன்றியிறைச்சி ஏற்றுமதியில் வளர்ந்த நாடு. இங்கே 2024 ஜூன் 24 அன்று அரசு, விவசாய அமைப்பு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தொழிற்சங்கங்கள், உள்ளாட்சிகள் ஆகியவை மாதக்கணக்கில் ஒரே மேசையில் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி 2030 முதல் கால்நடை உமிழ்வுக்கு டன்னுக்கு 300 குரோனர், 2035 இல் 750 குரோனர் வரி. அதில் 60% கழிவு போக, விவசாயி உண்மையில் கட்டுவது 120, 300 குரோனர். தொடக்க ஆண்டுகளில் திரளும் பணம் அந்தத் துறையின் மாற்றத்துக்கே திரும்பச் செல்லும். இரண்டரை லட்சம் ஹெக்டேரில் புதிய காடு வளர்க்கப்படும். நாடாளுமன்றக் கட்சிகளின் பெரும்பான்மை நவம்பரில் இதை ஏற்றது. எதிர்த்த விவசாயிகளும் இருந்தார்கள், வரி மிகக் குறைவு என்று கண்டித்த சூழலியலாளர்களும் இருந்தார்கள், தலைநகரம் முற்றுகையிடப்படவில்லை.

இதற்கு முன்பே, 2023 அக்டோபரில், தாவர உணவுக்கென்று உலகிலேயே முதலாவதாக ஒரு தேசியச் செயல்திட்டத்தை டென்மார்க் வெளியிட்டது. அடுப்படி அண்ணா ஆதங்கப்பட்ட அதே விஷயம், பொதுச் சமையலறைச் சமையலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, அதில் இருக்கிறது. 2021 இல் வந்த உணவு வழிகாட்டி வாரம் 350 கிராம் இறைச்சி போதும் என்கிறது. என் அலுவலக உணவகத்தில் அதைப் பற்றி எவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

கேள்வியன் எழுதியது:

டென்மார்க் எடுத்துக்காட்டு என்னை யோசிக்கவைக்கிறது, ஆனால் ஓர் அச்சம் போகவில்லை. விவசாயி மீது போட்ட வரி கடைசியில் கடை விலையில்தான் வந்து நிற்கும். செல்வந்தர் விலை பார்க்காமல் வாங்குவார், ஏழை நிறுத்திக்கொள்வார். குறைப்பு என்பது ஏழையின் குறைப்பாக மட்டும் முடிந்தால், இந்த இழையில் பேசிய நியாயம் எல்லாம் எங்கே போகும்?

வடகடல் எழுதியது:

அந்த அச்சம் சரியானது. கழிவை இவ்வளவு பெரிதாக வைத்ததும், பணத்தைத் துறைக்கே திருப்பியதும் அதைத் தணிக்கத்தான். போதுமா என்பது 2030 க்குப் பிறகே தெரியும். பருப்பும் காய்களும் மலிவாகாமல் இறைச்சி மட்டும் விலையேறினால் நீங்கள் சொன்னதே நடக்கும். அப்போது முதல் ஆளாக நானும் எதிர்ப்பேன்.

அடுப்படி எழுதியது:

குசினிப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு செய்திகள். நியூயார்க் நகரத்தின் அரசு மருத்துவமனைகளில் 2022 முதல் மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் முதலில் கொடுக்கப்படுவது தாவர உணவு. இறைச்சி வேண்டும் என்று கேட்டால் உடனே கிடைக்கும். கேட்கும் வாய்ப்பு இருந்தும் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகள் கொடுத்ததையே உண்கிறார்கள். நகரத்தில் பல நாட்டு மக்கள் இருப்பதால், சமையலாளர்கள் அந்தந்த நாட்டுச் சமையலிலிருந்தே உணவுகளை அமைத்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2016 முதல் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் நிறுத்திவிட்டார்கள். கோழியும் மீனும் தொடர்ந்தன. வாங்கும் உணவில் கிலோவுக்கான கரிம உமிழ்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அங்கேயே செய்த வேறோர் ஆய்வில், நான்கு உணவில் ஒன்று மரக்கறி என்பதை நான்கில் இரண்டு என்று மாற்றியபோது மரக்கறி உணவின் விற்பனை 41% முதல் 79% வரை உயர்ந்தது. எவருக்கும் எதுவும் உபதேசிக்கவில்லை.

எங்கள் பாடசாலையில் இப்போது பெற்றோர் கூட்டத்தில் சுவைபார்க்கக் கொடுத்த பின்பே புதிய உணவைப் பட்டியலில் சேர்க்கிறோம். முறைப்பாடுகள் நின்றுவிட்டன என்று சொல்லமாட்டேன். உப்புக் குறைவு, கத்தரிக்காய் வேண்டாம் என்ற அளவில் வருகின்றன. அவற்றுக்கு என்னால் விடை சொல்ல முடியும்.

ரூர்க்கரை எழுதியது:

அடுப்படி, எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் மண்டபம் நிறைய ஆட்கள் வருகிறார்கள்; மாட்டிறைச்சிக் கறியும் ஆட்டிறைச்சிக் கறியும்தான் வழக்கம். இந்த முறை நிர்வாகக் குழுவில் இதை எடுத்துவைக்க எண்ணியிருக்கிறேன். மாட்டிறைச்சிக்குப் பதில் கோழி, அதோடு முதல் இரண்டு தட்டங்களாகப் பருப்பும் பலாக்காய்க் கறியும் வைக்கலாம் என்பது என் யோசனை. விழாவுக்கு முன்பே பெற்றோருக்குச் சுவைபார்க்கக் கொடுக்கச் சொல்வேன். இருநூறு பேருக்குத் தகரப் பலாக்காய் எவ்வளவு வேண்டும், மைசூர்ப் பருப்பு எத்தனை கிலோ போட வேண்டும் என்ற கணக்கை எழுதுவீர்களா?

அடுப்படி எழுதியது:

பருப்புக்கு ஆளுக்கு 60 கிராம் என்று வையுங்கள். இருநூறு பேருக்கு 12 கிலோ. பலாக்காயைப் பிஞ்சாக, உப்புநீரில் போட்டதாக வாங்குங்கள். இனிப்புப் பாகில் போட்டது உதவாது. வடித்த எடையில் ஆளுக்கு 100 கிராம் போதும். வறுத்த கறித்தூளைக் கடைசியில் தூவுங்கள், முதலிலேயே போட்டால் பெரிய சட்டியில் அடிப்பிடிக்கும். சுவைபார்க்கும் நாளுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சொன்னால் அதற்கும் கணக்குத் தருகிறேன்.